மஞ்சளித்த மூன்று பூச்சட்டிகள்

வெயிலில் நிற்கும் ஓர்க்கிட் எது, நிழலுக்கு உரியது எது, பார்த்த மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதித் தரும்படி, நர்சரியில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து எனக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அரைப் பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விஷயம்தான். எழுதியும் பார்த்தேன். திரும்பப் படித்தபோது எல்லாம் தெரிந்த பெரிய மனிதர் எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். அந்த ஆள் நான் இல்லை.

இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் எல்லாம் தப்பு செய்தேன். தப்பு செய்ததற்குப் பாராட்டும் வாங்கினேன். அந்தக் குழப்பத்தைச் சொல்லாமல் விடையை மட்டும் கையில் கொடுத்தால், முதல் வெயிலிலேயே நீங்கள் அதை மறந்துவிடுவீர்கள். ஆகையால் பொறுமையாகப் படியுங்கள்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேலே ஏறினால் வரும் எஸ்டேட்டில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். தேயிலைச் செடியின் கிளைகளை மட்டமாக வெட்டிவிடும் அந்த வேலையில் எட்டு வருஷம் நின்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள் கத்தி வழுக்கி இடது கையில் இறங்கியது. காயம் ஆறியது, ஆனால் மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. கிளையைப் பிடிக்க முடியாதவன் கவ்வாத்து வெட்ட முடியாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்கும்போது கணக்கப்பிள்ளை என் கையையே பார்ப்பார். கடைசியில் எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டதால் என்னை அங்கே தள்ளிவிட்டார்கள்.

பங்களாவில் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திரும்பவும் மலைக்குத்தான் அனுப்புவார்கள். மலையில் எனக்கு முடிந்த வேலை ஒன்றும் கிடையாது. வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். கொழுந்து எடுக்கப் போகும் என் மனைவிக்கு அப்போது மூன்று மாதம். அவளும் வேலையிலிருந்து நின்றுவிட்டால் வீட்டுக்குச் சம்பளம் என்று ஒன்று வராது. நான் பூச்சட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு யோசித்ததெல்லாம் இதைத்தான். பூவைப் பற்றி யோசித்ததாக ஞாபகம் இல்லை.

பங்களாவின் முன்வாசலில் ஒரு பெரிய சவுக்கு மரம் நின்றது. அதன் நிழலில்தான் துரையின் மனைவி துரைசாணி ஓர்க்கிட் வைத்திருந்தார். ஆடிக் காற்றில் மரம் விழுந்தது. செடிகள் மேல் நேராக வெயில் பட்டது. ஒரு மாதத்தில் எல்லாம் கருகிப் போயின. துரைசாணி கொழும்புக்கு எழுதிப் புதிதாகப் பன்னிரண்டு செடிகள் வரவழைத்தார். ஆறு முன்வாசல் வெயிலுக்கு, ஆறு பின்வராந்தா நிழலுக்கு. அவர் கேட்டு எழுதியது சரிதான். ஆனால் அது ஐப்பசி மாதம். பெட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இரண்டு நாள் மழையில் கிடந்தது. நான் போய்த் தூக்கி வந்து திறந்தபோது, செடிகளில் கட்டியிருந்த காகிதச் சீட்டெல்லாம் கூழாகி இருந்தது. எது வெயிலுக்கு, எது நிழலுக்கு என்று சொல்ல ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

துரைசாணிக்கும் தெரியவில்லை. சட்டிகளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"நீ தோட்டக்காரன். நீ பாத்து வை" என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான். "தை மாசம் முடிஞ்சு பெரிய தொரை வரும். அவர் லேடியும் வரும். முன்னால் நல்லா இருக்கணும். இல்லேன்னா நீ மலைக்குப் போ."

பெரிய துரை என்றால் எங்கள் துரைக்கும் மேலதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு என்ன காய் என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். 

பெட்டியில் இருந்தது இரண்டு ஜாதி. ஒன்று அகன்ற இலை, மெல்லிய இலை, நல்ல கரும்பச்சை. பார்த்தாலே கண் குளிரும். மற்றது மெலிந்த தண்டு. இரண்டு பக்கமும் குட்டை குட்டையாகத் தடித்த இலை. நிறமோ பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஓரங்களில் செம்பு நிறம் ஏறியிருந்தது. காய்ச்சலில் எழுந்து வந்த ஆள் மாதிரி இருந்தது.

தேயிலையில் வளர்ந்தவன் என்ன நினைப்பான்? இலை மஞ்சளித்தால் செடிக்குச் சத்து இல்லை, உரம் போடு என்பதைத்தான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். கரும்பச்சை என்றால் திடம். திடமானவனை வெயிலில் நிறுத்து, நோயாளியை நிழலில் படுக்க வை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அகன்ற இலை ஆறையும் முன்வாசலில் வைத்தேன். மஞ்சள் ஆறையும் பின்வராந்தாவுக்குக் கொண்டுபோய், மாட்டுச்சாணக் கரைசல் ஊற்றி, பிள்ளை வளர்ப்பது போலக் கவனித்தேன்.

இங்கேதான் காலம் என்னை ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் மழையும் மூடுபனியும். வெயில் என்பது பெயருக்குத்தான். முன்வாசல் செடிகள் ஜம்மென்று நின்றன. பின்வராந்தா நோயாளிகளும் தேறின. மஞ்சள் போய், செம்பு நிறம் போய், இலை நீண்டு அகன்று கரும்பச்சையாகிவிட்டது. பங்களாவில் சமையல் வேலை பார்த்த சிங்களவர், எல்லாரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம், தட்டைத் துடைத்துக்கொண்டே வந்து பார்ப்பார்.

"ஒங்க கை ராசியான கை" என்றார் ஒரு நாள்.

மடங்காத விரலைப் பார்த்துச் சொன்னாரா, கிண்டலா, உண்மையா என்று தெரியவில்லை. நான் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தை பிறந்தது. மழை நின்றது. நம் மலை வெயிலை உங்களுக்குத் தெரியும். காற்று ஜிலுஜிலு என்று இருக்கும், உடம்புக்குச் சூடே தெரியாது, ஆனால் வெயில் பட்ட இடம் எரியும். நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்ற அதே முன்வாசலில், அகன்ற இலைகளில் முதலில் வெளுத்த திட்டு விழுந்தது. மறுநாள் அது பழுப்பானது. ஒரே வாரத்தில் ஆறு செடியும் சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன். வேர் அழுகியதுதான் மிச்சம்.

துரைசாணி படியில் நின்று பார்த்தார்.

"நீ சொன்னே, இது பலமான செடி."

"ஆமாங்க தொரசாணி."

"செத்துப் போச்சு."

"ஆமாங்க."

பெரிய துரை வர நான்கு வாரம் இருந்தது. மீதி ஆறு சட்டி பின்வராந்தாவில் இருந்தன. கரும்பச்சையாக, பலமாக. பலமானது வெயிலில் செத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இதையும் கொண்டுபோய் வைத்தால் இதுவும் சாகாதா? வைக்காவிட்டால் முன்வாசல் மொட்டையாகக் கிடக்குமே? இரண்டு நாள் சட்டியைத் தூக்குவதும் இறக்கி வைப்பதுமாக இருந்தேன். அப்பு சமையலறை வாசலில் நின்று பார்த்தார். அன்றைக்கு ராசியைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

அன்று சாயங்காலம், கருகிய இலை ஒன்றும் கரும்பச்சை இலை ஒன்றும் பறித்து, நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோனேன். என் மனைவி அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. இரண்டு இலையையும் அவள் முன்னால் போட்டேன்.

"இது முந்தி எப்படி இருந்துச்சுங்க?" என்று பச்சை இலையைத் தொட்டுக் கேட்டாள்.

"சின்னதா, தடிப்பா, மஞ்சளா. ஓரமெல்லாம் செவந்து. நான்தான் கொணப்படுத்துனேன்."

அவள் சிரித்தாள். "அது சீக்கு இல்லீங்க. வெயில் குடிச்ச எலை. மேட்டு மலையில மரமே இல்லாத எடத்துல தேயிலை எப்படி இருக்கும்? குட்டையா, தடிச்சு, வெளிறிப் போயி. கீழ ஓடையோரம் சவுக்கடியில பாருங்க, எலை உள்ளங்கை அகலத்துக்குக் கறுகறுன்னு இருக்கும். அதுக்காக மேட்டு மலைச் செடியெல்லாம் சாகப் போவுதா?"

கருகிய இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எட்டு வருசமா தேயிலைக்குள்ளயே நின்னீங்க. எலையைப் பாக்கலையா?"

"கவ்வாத்துல ஏதுடி எலை?"

"அதான். ஒங்களுக்கெல்லாம் குச்சிதான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம், அவள் சொன்னது சரி. கவ்வாத்து வெட்டுகிறவன் பார்ப்பது கிளையை. இலையைப் பார்ப்பது கொழுந்து எடுக்கிற பெண்கள்தான். நான் தேயிலையைப் பற்றித் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டு, எனக்குத் தெரியாத பாதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தம்பிமாரே, தங்கச்சிமாரே, அவள் சொன்ன உடனே எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் குழம்பினேன். அவள் சொல்வது சரியானால், வெயிலுக்குப் பழகி வந்த செடியை மூன்று மாதம் நிழலில் கொழுக்க வைத்துக் கெடுத்தவன் நான். அதை அப்படியே வெயிலில் வைத்தால் இந்த மெத்தென்ற இலையும் கருகும். அவள் சொல்வது தப்பானால் எப்படியும் கருகும். எந்தப் பக்கம் போனாலும் கருகல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

புதுத் தேயிலைக் கன்று நட்டால் நிழலுக்காகப் பக்கத்தில் காட்டில் வெட்டிய பெரணிச் செடிக் கொத்து குத்தி வைப்பார்கள். முதலில் முழு நிழல் கிடைக்கும். பெரணி காயக் காய இலை உதிர்ந்து, வெயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். கன்றுக்குத் தெரியாமலே கன்று பழகிவிடும். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆறு சட்டியையும் முன்வாசலில் வைத்து, சட்டிக்கு நாலு பெரணிக் கொத்து குத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் பெரணி காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. உள்ளே இலைகள் மறுபடியும் மஞ்சளாகத் தொடங்கின. என் மனைவியின் கணக்குப்படி அது நல்ல சேதி. துரைசாணியின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்?

"என்ன குப்பை இது? என் வாசலில்?"

"வெயிலுக்குப் பழக்குறேங்க தொரசாணி."

"மஞ்சள் ஆகுது. திரும்ப நோய். குப்பை எடு. செடி பின்னால் கொண்டு போ. பச்சை ஆகட்டும்."

அந்த இடத்தில் உறுதியாக நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. "சரிங்க" என்றேன். அவர் உள்ளே போனதும் ஆறில் மூன்றைப் பின்வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். மற்ற மூன்றைப் பெரணியோடு தூக்கிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் வெட்டவெளியில் வைத்தேன். அங்கே துரைசாணி வர மாட்டார். சரிபாதியாகப் பிரித்துச் சோதனை செய்த புத்திசாலித்தனம் என்று பிற்காலத்தில் ஒரு நர்சரிக்காரர் என்னைப் புகழ்ந்தார். சோதனையும் இல்லை, ஒன்றும் இல்லை. துரைசாணிக்குப் பயந்து மூன்று, மனைவிக்குப் பயந்து மூன்று.

பெரிய துரை வந்தார். பின்வராந்தாவில் கொழுத்த மூன்று சட்டியையும் அன்று காலை முன்படியில் கொண்டுவந்து வைத்தேன். ஒரு பூ இல்லை. வந்த லேடி குனிந்து இலையைத் தடவி, என்ன அழகான பச்சை, என்ன ஆரோக்கியம் என்று இங்கிலீஷில் சொன்னதை அப்பு எனக்கு மொழிபெயர்த்தார். துரைசாணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனி மலைக்குப் போக வேண்டியதில்லை.

லயத்துக்குப் போனேன்.

"திட்டு வாங்குனீங்களா?" என்றாள் மனைவி.

"பாராட்டு வாங்குனேன்."

"எதுக்கு?"

"தப்பா வளத்ததுக்கு."

அவள் சோறு போட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை தங்கியதில் சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் மகள் பிறந்தாள். அதே மாதம், துணி காயும் இடத்தில் மஞ்சளித்துப் போய், குட்டையாக, அசிங்கமாக நின்ற மூன்று சட்டியிலும் தண்டு நுனியில் மொட்டுக் கொத்து வந்தது. பத்து நாளில் விரிந்தது. கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூ. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு குட்டிச் சிலுவை. அதன் பெயர் எபிடென்ட்ரம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. பின்வராந்தாக் கொழுத்தவை இலையாக விட்டுக்கொண்டே இருந்தன. பூவுக்கு அறிகுறியே இல்லை.

காற்றில் பறந்துபோன தன் குழந்தையின் சட்டையைத் தேடிக்கொண்டு துரைசாணி அந்தப் பக்கம் வந்துவிட்டார். சட்டையை மறந்துவிட்டார்.

"இது எங்கே இருந்து வந்தது?"

"நம்ம செடிதாங்க தொரசாணி."

"பொய். நம்ம செடி பச்சை." அவர் முகம் மாறியது. "பக்கத்து எஸ்டேட் பங்களாவில் எடுத்தியா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் தப்பாக வளர்த்ததற்குப் புகழ்ந்தவர், இன்று சரியாக வளர்த்ததற்குத் திருடன் என்கிறார். இதை யாரிடம் சொல்லி நியாயம் கேட்பது?

"எண்ணிப் பாருங்க தொரசாணி. பன்னெண்டு வந்துச்சு. ஆறு கருகிருச்சு. மூணு வராந்தாவுல இருக்கு. மூணு இதுதான்."

அவர் எண்ணவில்லை. குனிந்து சட்டியின் விளிம்பைப் பார்த்தார். பெரணிக் குச்சிகள் காய்ந்து இன்னும் குத்தியபடியே நின்றன. அவர் வாசலில் குப்பை என்று சொன்ன அதே குச்சி. 

"அன்னைக்கு நீ ஏன் சொல்லலை?"

நான் இடது கையை நீட்டினேன். "இந்தக் கையை வச்சுக்கிட்டு மலைக்குப் போக முடியாதுங்க."

அவர் என் விரல்களைப் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. மறுநாள் காலை நான் வந்தபோது, பின்வராந்தாச் சட்டிகள் மூன்றும் துணி காயும் இடத்தில் மற்ற மூன்றோடு நின்றன. இரவோடிரவாகப் பெரணிக்கு யார் போனார்களோ, சட்டியைச் சுற்றிக் கோணலும் மாணலுமாகக் குத்தியிருந்தது. அப்புவைக் கேட்டேன். "நான் இல்லை. நோனா" என்றார். அவர் துரைசாணியை அப்படித்தான் சொல்வார்.

அடுத்த வருஷம் பெரிய துரை வந்தபோது முன்படியில் ஆறு சட்டியும் பூத்து நின்றன. இலையெல்லாம் மஞ்சள், செம்பு. அந்த லேடி பூவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு சுற்றுமுற்றும் தேடினார். அப்பு என் காதில் சொன்னார்: "போன வருசம் இருந்திச்சே அழகான பச்சைச் செடி, அது எங்கேன்னு கேக்குறாங்க."

துரைசாணி பூக்களைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். லேடி சிரித்தார், நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. தேநீருக்கு உள்ளே போய்விட்டார்.

துரைசாணி படியிலேயே நின்றார். என்னிடம் தமிழில் சொன்னார்.

"இதான் அதுன்னு சொன்னேன். நம்பலை."

"எனக்கே பாதி நேரம் நம்பிக்கை வராதுங்க தொரசாணி."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நீங்கள் கேட்ட அரைப் பக்கம் இவ்வளவுதான்: தடித்த இலை, குறுகிய இலை வெயிலைத் தாங்கும். மெல்லிய அகன்ற இலை தாங்காது. வெயிலில் நிற்கும் செடி கொஞ்சம் மஞ்சளித்துத்தான் இருக்கும், அதைக் குணப்படுத்தப் போகாதீர்கள். உங்கள் மேலதிகாரி பச்சையாக வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பெரிய துரை இரண்டாம் தரம் வந்த அன்று சாயங்காலம் லயத்துக்குப் போனபோது, பத்து மாத மகள் தவழ்ந்து வந்து என் இடது கையைப் பிடித்தாள். மடங்காத மூன்று விரல்களும் அவளுக்கு வாகாக இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.